போதும் என்று சொல்ல வேண்டியவர்

அன்புள்ள குமாருக்கு,

நீ கட்டிக் குடிபோயிருக்கும் வீடு நம் ஊர்ப் பெரிய வாய்க்காலின் மேல் இருக்கிறது. அந்த வாய்க்காலை மண்ணடித்து மூடி மனை போட்டு விற்றவன் நீ. அதை மூடினாலும் கேட்க ஆள் இல்லை என்ற நிலைமையை உண்டாக்கியவன் நான். முதலில் உன் தவறைச் சொல்லிவிட்டேன். வருகிற ஐப்பசி மழைக்குள் திருத்தக்கூடியது அது ஒன்றுதான்.

உன் வீட்டுப் புதுமனை விருந்தில், இலை போட்டுச் சோறு வைத்த பிறகு நான் எழுந்து வந்துவிட்டேன். உன் மாமனார் வீட்டார் முன்னால் உனக்குத் தலைக்குனிவாகப் போய்விட்டதாம். "பெத்த பிள்ளை வீட்டுச் சோத்த ஒரு வாய்க்காலுக்காக வேணாம்னு எந்திரிச்சுப் போறதா? ரோமாபுரிக் கதையப் படிச்சுப் படிச்சு அவருக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று உன் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். அவள் ஒரு சொல் விடாமல் என்னிடம் ஒப்பித்தாள். எழுந்து வந்ததற்கு நான் வருத்தம் தெரிவிக்கப் போவதில்லை. எதற்காக எழுந்தேன் என்பதை மட்டும் எழுதுகிறேன். நேரில் சொல்ல வந்தால் பாதிப் பேச்சில் நீ செல்போனைக் காதில் வைத்துக்கொள்வாய். இதன் நகல் ஒன்றை ஊர் கூடும் இடமான மந்தையிலும் ஒட்டச் சொல்லியிருக்கிறேன். ஆகவே உனக்குத் தெரிந்த சில விஷயங்களையும் விளக்கி எழுதியிருப்பேன். பொறுத்துக்கொள்.

அன்றைக்கு என்னைத்தான் மோட்டாரைப் போடச் சொன்னாய். "நாப்பது வருசமா ஊருக்கெல்லாம் மோட்டார் கட்டிக் குடுத்த கை, அப்பாவே போடட்டும்" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாய். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். பின்பக்கம் போய் சுவிட்சைப் போட்டேன். நானூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீர் கலங்கி வந்து, பிறகு தெளிந்து விழுந்தது. முகம் கழுவக் குனிந்தபோது, துணி துவைக்க அங்கே பதித்திருந்த கல் கண்ணில் பட்டது. இரண்டு பாதங்கள் வைத்து நிற்கும் அளவுக்கு அதன் மேற்புறம் தேய்ந்து குழிந்திருந்தது. குழியில் சோப்பு நுரை நின்றது. "மண்ணு தோண்டும்போது கெடச்சுச்சு மாமா. நல்லா வழவழன்னு இருக்குன்னு கொத்தனார் எடுத்துப் போட்டுட்டாரு" என்றாள் உன் மனைவி. அவள் மேல் குற்றமில்லை. அது என்ன கல் என்று அவளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாம் இரண்டு பேர். நீ மறந்துவிட்டாய். நான் சொல்லவில்லை. திரும்பி வந்து பந்தியில் உட்கார்ந்தேன். சோற்றில் கை வைக்க முடியவில்லை. "இது வாய்க்கால்டா" என்று மட்டும் உன்னிடம் சொல்லிவிட்டு எழுந்தேன்.

அது கடைமடைக் கல். அழகர்கோவில் மலையடிவாரத்தில் பெய்கிற மழை நம் கண்மாய்க்கு வருகிறது. கண்மாயிலிருந்து வயல்களுக்குப் பாய்வது பெரிய வாய்க்கால் வழியாக. கண்மாய் நிறைந்து வழிந்தால் மிச்சத் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போவதும் அதே வழியாகத்தான். வாய்க்காலின் தலைமாட்டில் இருந்த வயல்கள் நம்மைப் போன்றவர்களுடையவை. வால்மாட்டில், தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் இடத்தில், சோணை என்பவருடைய முக்கால் ஏக்கர் இருந்தது. அவர் வயல் வரப்பில் ஊன்றியிருந்த கல் அது.

ஒவ்வொரு புரட்டாசியிலும் வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு வாய்க்காலில் இறங்க வேண்டும். தூர் எடுத்து முடித்ததும், மடையைத் திறந்து கண்மாய் அடியில் கிடக்கும் கொஞ்சத் தண்ணீரை விடுவார்கள். சோணை அந்தக் கல்லின் மேல் போய் நிற்பார். தண்ணீர் கல்லில் ஏறி அவர் பாதத்தை நனைக்க வேண்டும். நனைத்தால் "போதும்" என்பார். நனைக்காவிட்டால் எங்கே தட்டுகிறது என்று பார்த்து, மறுநாளும் வெட்ட வேண்டும். அவர் போதும் என்று சொல்லும்வரை ஒருவரும் கரையேறக் கூடாது. நூறு ஏக்கர்க்காரராக இருந்தாலும் இதுதான் முறை. கடைசி வயல்காரருக்குத் தண்ணீர் கிடைத்தால் நடுவில் இருக்கும் அத்தனை பேருக்கும் கிடைத்திருக்கும் என்பது இதன் கணக்கு. இதைவிடச் சுலபமான கணக்கை நான் எந்தப் புத்தகத்திலும் பார்க்கவில்லை.

பழைய காலம் தங்கமாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. சோணையின் சொல் எடுபட்டது தூர் எடுக்கும் அந்த மூன்று நாள்தான். மீதி நாளெல்லாம் அவர் நம் தெருவில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவரை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேனே, அது எனக்கு அறுபது வயதுக்கு மேல் வந்த பழக்கம்.

நீ பத்தாம் வகுப்புப் படித்த வருஷம் நடந்தது இது. மூன்று நாள் வெட்டியாயிற்று. பட்டணத்தில், சிம்மக்கல்லில் இருந்த என் மோட்டார்க் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தேன். எரிந்துபோன மோட்டார்கள், உள்ளே செம்புக் கம்பிச் சுருளான காயிலைப் புதிதாகக் கட்டக் காத்துக்கிடந்தன. மடையைத் திறந்தார்கள். எல்லோரும் சோணையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"கல்லுக்கு வரலீங்க. நாலு வயக்காட்டுக்கு அங்கிட்டே நின்னுபோச்சு" என்றார்.

"நல்லாப் பாருப்பா. உன் காலு காஞ்சு போயிருக்கு, அதான் ஈரம் தெரியல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சோணையும் சிரித்தார். ஆனால் கல்லை விட்டு இறங்கவில்லை.

"காலு பொய் சொல்லாதுங்க. இன்னும் ஒரு நா வெட்டணும். அந்தப் புளியமரத்து வளைவுலதான் மேடு தட்டுது."

என் கையில் கொப்புளம் உடைந்து எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற என் பங்காளி அதைப் பார்த்துவிட்டான். "என்னப்பா, மோட்டார்க் கடைக்காரவுக கை பொத்துப்போச்சாக்கும்! எறங்கு எறங்கு, சோணை சொல்லிட்டாருல்ல" என்று கத்தினான். மறுபடியும் சிரிப்பு. நான் இறங்கினேன். அந்தப் பகல் முழுக்க வெட்டினேன். வெட்டிக்கொண்டே ஒரு முடிவுக்கு வந்தேன்.

அடுத்த ஊர்க்கூட்டத்தில் நான்தான் எழுந்து பேசினேன். ஓர் ஆளின் பாதத்தை நம்பி ஊரே மூன்று நாளும் நான்கு நாளும் நிற்பது இந்தக் காலத்துக்கு அடுக்குமா என்று கேட்டேன். வாய்க்கால் எவ்வளவு ஆழம், எவ்வளவு அகலம் என்று எழுதிவைத்து, மூன்று பேர் கொண்ட குழு டேப் பிடித்து அளந்து சரி சொன்னால் போதும் என்றேன். பட்டணத்தில் கடை வைத்திருப்பவன், இங்கிலீஷ் பேப்பர் படிப்பவன் சொல்கிறான் என்று கை தூக்கினார்கள். குழுவில் மூன்று பேரும் தலைமாட்டுக்காரர்கள். ஒருவன் நான். கூட்டத்தின் ஓரத்தில் சோணை நின்றார். "டேப்பு நனையுமாங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதற்கும் சிரித்தார்கள்.

குமார், டேப் என்பது சாக்கு. கொளுத்துகிற வெயிலில், நம் தெருவுக்குள் செருப்புப் போடக் கூடாத ஒருவர் சொல்லி நான் மறுபடியும் சகதியில் இறங்க வேண்டியிருந்தது. அதை என்னால் தாங்க முடியவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இத்தனை வருஷம் இதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

அதற்கப்புறம் நடந்தது ஒன்றன் மேல் ஒன்றாக நடந்தது. அடுத்த வருஷம் அளவு சரியாக இருந்தது. நோட்டில் மூன்று கையெழுத்தும் இருந்தது. கல் நனையவில்லை. சோணை வந்து சொன்னபோது நோட்டைக் காட்டினோம். அதற்கடுத்த வருஷம் நடுவயல்காரர்களுக்கும் தண்ணீர்த் தட்டுப்பாடு வந்தது. அவர்கள் வாய்க்காலைப் பார்க்கவில்லை, ஆழ்துளைக் கிணறு போட்டார்கள். மோட்டார் நான் கொடுத்தேன். சொந்தமாகத் தண்ணீர் வந்தவன் புரட்டாசியில் மண்வெட்டியோடு வருவதை நிறுத்தினான். ஆள் குறைந்ததால் இயந்திரம் பிடித்தோம். இயந்திரம் அள்ளிய மண்ணைக் கரையிலேயே கொட்டியது. மழை அதை மறுபடி உள்ளே தள்ளியது. இயந்திரத்தைக் கண்காணிக்க இன்னொரு குழு. நிலத்தடி நீர் இறங்க இறங்க மோட்டார் பெரிதாயிற்று. மோட்டார் பெரிதாக ஆக மின்னழுத்தம் விழுந்தது. மின்னழுத்தம் விழுந்தால் காயில் எரியும். எரிந்ததெல்லாம் சிம்மக்கல்லுக்கு என் கடைக்கு வந்தது. உன்னை இன்ஜினியரிங் படிக்க வைத்தது அந்தக் கருகிய செம்புக் கம்பிகள்தான். அந்தப் பத்து வருஷத்தில் நம் ஊரில் ஒருவரும் சும்மா இருக்கவில்லை. எல்லோரும் எதையாவது சரிசெய்துகொண்டே இருந்தோம். வாய்க்காலை மட்டும் யாரும் தலையிலிருந்து வால்வரை நடந்து பார்க்கவில்லை.

சோணை செத்துப்போனார். தரிசாகிப்போன அந்த முக்கால் ஏக்கரையும், பக்கத்தில் காய்ந்து கிடந்த மற்றவர்களின் துண்டுகளையும் வந்த விலைக்குக் கொடுத்தார்கள். வாங்கியது நீ. மேடு எது, வாய்க்கால் எது என்று தெரியாத அளவுக்குத் தூர்ந்து கிடந்தது. நீ வரைபடத்தில் அதைத் தெரு என்று காட்டினாய். தெரு போதாமல் அதன் மேலேயே மூன்று மனை பிரித்தாய். ஒன்றில் நீயே வீடு கட்டினாய்.

இனி உனக்குப் பிடிக்காத ரோமாபுரிக்கு வருகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். மோட்டாரைப் பிரித்துப் பார்த்துத்தான் மோட்டாரைக் கற்றேன். அதன் கூட வரும் குறிப்புப் புத்தகத்தை அகராதி வைத்துப் படித்துத்தான் இங்கிலீஷ் கற்றேன். கடையை மூடிய பிறகு நூலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பெரிய பெரிய நகரங்கள், ராஜ்ஜியங்கள் எல்லாம் ஏன் அழிந்தன என்பதை மட்டும் தேடிப் படித்தேன். ஒரு மோட்டார் எரிந்து வந்தால் எங்கே எரிந்தது என்று பார்க்காமல் நான் காயில் கட்டியதில்லை. இதுவும் அதே வேலைதான். நூலகத்தில் இருந்த பையன்கூட, "பெருசு, எல்லாரும் கதைப் புஸ்தகம் கேப்பாக. நீங்க இடிஞ்ச ஊராவே கேக்குறீகளே!" என்பான்.

புத்தகங்களில் பெரும்பாலும் மூன்று பதில் இருக்கும். எதிரி வந்தான், மழை பொய்த்தது, மக்கள் ஒழுக்கம் கெட்டார்கள். மூன்றையும் நான் ஏற்கவில்லை. எதிரி எல்லாக் காலத்திலும் வருகிறான். தாங்கி நின்ற ராஜ்ஜியங்களும் உண்டு. மழை பொய்ப்பதற்காகத்தான் கண்மாயே வெட்டினார்கள். பொய்க்காத மழைக்குக் கண்மாய் எதற்கு? ஒழுக்கம் கெட்டது என்று எல்லாத் தலைமுறைக் கிழவர்களும் சொல்லியிருக்கிறார்கள். நானும் சொல்கிறேன். அதனால் ஊர் அழிவதில்லை.

ரோமாபுரியில் எல்லைக்குப் படை வேண்டியிருந்தது. படைக்கு வரி, வரிக்கு அதிகாரி, அதிகாரி திருடாமல் இருக்க இன்னோர் அதிகாரி. ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் சரியான யோசனைதான், என் டேப்பைப் போல. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் செலவு கூடியது, பயன் குறைந்தது. உழுகிறவனுக்கு நிலத்தை வைத்திருப்பதைவிட விட்டுவிட்டு ஓடுவது லாபமாகிவிட்டது. அவன் ஓடுகிறான் என்ற செய்தி அரண்மனைக்குப் போய்ச் சேரவில்லை, ஏடுகளில் எல்லாம் சரியாக இருந்ததால். சிந்து நதிக்கரையில் மொகஞ்சதாரோவைத் தோண்டியவர்கள், மேலடுக்குகளில் தெருவை நெருக்கிக் கட்டிய வீடுகளையும் பராமரிக்காத சாக்கடைகளையும் கண்டதாகப் படித்தேன். அந்த வரியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். தெருவை நெருக்கி முதல் வீடு கட்டியவன் கெட்டவனாக இருந்திருக்க மாட்டான். அவனும் புதுமனை புகுந்து பத்துப் பேருக்குச் சோறு போட்டிருப்பான்.

நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான். பெரிய ஏற்பாடு எதுவாக இருந்தாலும் அதன் கெடுதல் முதலில் வாலில் தெரியும். தலையில் இருப்பவர்களுக்குக் கடைசியில்தான் தெரியும். ஆகவே வாலில் நிற்பவன் சொல்வதைத் தலை கேட்டாக வேண்டும் என்ற ஒரு கட்டாயம் அந்த ஏற்பாட்டுக்குள் இருக்க வேண்டும். மனது வைத்தால் கேட்கலாம் என்றிருந்தால் போதாது. மனது ஒருநாள் மாறும், என் மனது கையில் வந்த ஒரு கொப்புளத்துக்கு மாறியது. அந்தக் கட்டாயத்தை எடுத்த நாளில் அழிவு ஆரம்பிக்கிறது. எடுத்தவர்கள் அன்றைக்குச் சீர்திருத்தம் செய்ததாக நினைக்கிறார்கள். பிறகு தண்ணீர் உள்ளவன் சொந்தக் குழாய்க்குப் போகிறான், இல்லாதவன் ஊரைவிட்டுப் போகிறான், பொதுவில் இருந்தது யாருக்கும் இல்லாமல் போகிறது. எதிரியும் வெள்ளமும் கடைசியாக வந்து, அழித்த பெயரை வாங்கிக்கொள்கிறார்கள்.

உன் வீட்டிலிருந்து எழுந்து வந்தவன் நேராக மாட்டுத்தாவணி பஸ் நிலையத்துக்குப் போனேன். சோணையின் மகன் வேலு அங்கே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். என்னைப் பார்த்ததும் "ஏறுங்க, எங்க போகணும்?" என்றான்.

"எங்கயும் போக வரல. உங்கப்பா நின்ன கல்லு எங்க கெடக்குன்னு தெரியுமா?"

"ஏன் தெரியாம? உங்க மகன் வீட்டுப் பொறவாசல்ல கெடக்கு. மண்ணடிக்கும்போது நான் அங்கனதான் நின்னேன்."

"தெரிஞ்சும் ஏண்டா சொல்லல? அது வாய்க்கால்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

அவன் ஆட்டோவை அணைத்தான். பின்னால் ஏறியிருந்த இரண்டு பேரும் எங்களைப் பார்த்தார்கள்.

"சொல்றது எங்கப்பன் வேல. அந்த வேலைய அவருகிட்ட இருந்து பிடுங்குனது நீங்க. இப்ப எங்கிட்ட வந்து ஏண்டா சொல்லலங்கிறீக. நல்லா இருக்குங்க."

அவன் வண்டியைக் கிளப்பிவிட்டு, மறுபடி அணைத்தான். "ஒண்ணு சொல்லுறேன். கண்மாய் நெறஞ்சா தண்ணி பழைய வழியத்தான் தேடும். உங்க மகன் வீட்டு அடுப்படி வழியாத்தான் போகும். மூணாவது மனையில ஒரு டீச்சரம்மா கைக்குழந்தையோட இருக்கு. அவுகளுக்கு இது தெரியாது. அதையாச்சும் சொல்லிருங்க" என்றான்.

ஐந்தாறு வருஷமாகக் கண்மாய் நிறையவில்லை என்பது உன் தைரியம். மோட்டார் ஐந்து வருஷம் ஓடியது என்பதற்காக அதன் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்க்க மாட்டாய் அல்லவா?

சண்டை முற்றிய வீட்டில் கடிதம் வந்தால் அதில் ஆசீர்வாதம் இருக்கும் என்று எதிர்பார்ப்பார்கள். என்னிடம் வேலைதான் இருக்கிறது. எழுதிவைத்துக்கொள்.

மூன்றாவது மனையில் இருக்கும் டீச்சர் வீட்டுக்கும், இரண்டாவது மனைக்காரர் வீட்டுக்கும் நீயே போக வேண்டும். ஆள் அனுப்பாதே. நீங்கள் வாய்க்காலில் குடியிருக்கிறீர்கள், விற்றவன் நான்தான் என்று உன் வாயால் சொல். மேட்டுப்பக்கம் விற்காமல் வைத்திருக்கும் மனைகளில் அவர்களுக்கு வீடு கட்டிக் கொடு. அதுவரை சிம்மக்கல்லில் நம் கடை மாடியை அவர்களுக்குத் திறந்துவிட உன் அம்மா ஒப்புக்கொண்டாள். சாவி அவளிடம் இருக்கிறது.

உன் வீட்டுப் பின்சுவரையும் மோட்டார் அறையையும் நீ இடிக்க வேண்டும். அடுப்படியும் போகும். மீதி வீடு நிற்குமா என்பதை இன்ஜினியர் நீ பார்த்துக்கொள்.

வருகிற ஊர்க்கூட்டத்தில், நான் கொண்டுவந்த தீர்மானத்தை நானே எழுந்து ரத்து செய்யச் சொல்வேன். ஏன் கொண்டுவந்தேன் என்பதையும், இங்கே எழுதியிருப்பதைப் போலவே, எல்லார் முன்னாலும் சொல்வேன். கொப்புளத்தைக் கிண்டல் செய்த பங்காளி இப்போதும் சிரிப்பான். சிரிக்கட்டும்.

வீட்டுக்கு ஓர் ஆள் வாய்க்காலில் இறங்க வேண்டும். சொந்தமாக ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்கள் முதலில் இறங்க வேண்டும். நம் வீட்டிலிருந்து இரண்டு ஆள், நீயும் நானும். எழுபதைத் தொடப்போகிறவனால் எவ்வளவு வெட்ட முடியுமோ அவ்வளவு வெட்டுவேன்.

அந்தக் கல்லை நீ கையால் கழுவி, பழைய இடத்தில் ஊன்ற வேண்டும். வேலுவை, நீ வாங்க போங்க என்று பேசி, நேரில் போய் அழைத்துவர வேண்டும். நானும் கூட வருகிறேன், நானும் அப்படித்தான் பேசுவேன். அவர் வர மாட்டேன் என்றால் மறுநாளும் போக வேண்டும்.

அவர் கல்லின் மேல் ஏறி நிற்க வேண்டும். மடையைத் திறக்க வேண்டும். அவர் போதும் என்று சொல்லும்வரை நீயும் நானும் வாய்க்காலுக்குள் நிற்க வேண்டும்.

அப்பா